கழுகுக்குப் போட்ட ஆடு

பருந்து பார்ப்பதற்கென்றே கப்பலேறி ஆளில்லாத தீவுகளுக்குப் போகிறவர்கள் எங்கள் பறவைக் குழுவில் உண்டு. எனக்கு அந்த வசதியும் இல்லை, கடலும் ஒத்துக்கொள்ளாது. ஐப்பசி பிறந்தால் ஆர்.எஸ்.புரத்திலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு வெள்ளகோவிலுக்கு அப்பால் ஒரு கொரங்காட்டுக்குப் போய்விடுவேன். சுற்றிலும் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம் அது. செம்மறிகளை உள்ளே விட்டு வாசல் படலைச் சாத்திவிட்டால் இரவும் பகலும் அங்கேயே கிடக்கும், காவலுக்கு ஆள் வேண்டாம். வடக்கே எங்கிருந்தோ வரும் பூனைப்பருந்துகள் அந்தப் புல்லை உரசுகிற மாதிரி தாழப் பறந்து இரை தேடும்.

காட்டுக்காரர் ஓர் அக்கா. கணவர் போனபின் முப்பது சொச்சம் ஆடுகளை நம்பியே காலம் தள்ளுகிறவர். என்னை அவருக்குப் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்க்காரர்களிடம் அது ஒரு சிக்கல். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் மோர் வந்துவிடும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் அங்கிருந்த வேலமரத்தில் பெரிய பழுப்புக் கழுகு ஒன்று உட்கார்ந்திருந்தது. எங்கள் பக்கம் வராத ரகம். கேமராவை எடுப்பதற்குள் பறந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து அக்காவின் ஆடு ஒன்று வயிறு உப்பிச் செத்திருந்தது. செத்த ஆட்டை உடனே ஆழமாகப் புதைத்துவிடுவது அங்கே வழக்கம். அவர் மண்வெட்டியோடு வந்துவிட்டார். அந்தக் கழுகு செத்ததைத் தின்னும் என்பது எனக்குத் தெரியும்.

"ஏனுங்கக்கா, ரெண்டு நாளைக்குப் புதைக்காம அப்படியே உடுங்க. கழுகு எறங்குமுங்க."

அவர் மண்வெட்டியை வேலியில் சாய்த்து வைத்தார்.

"கெடக்கட்டுமுங்க தம்பி. நீங்களும் அத்தன தூரத்துல இருந்து வாரீங்க."

மறுநாள் கழுகு இறங்கியது. வேலியோரம் மண்ணில் படுத்தபடி படம் எடுத்தேன். வீட்டில் வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது, படத்தின் மூலையில், படலுக்கு அடியிலிருந்து ஒரு நாயின் முகம் நீட்டிக்கொண்டிருந்தது. படத்தைக் கெடுக்கிறதே என்று அந்த மூலையை வெட்டிவிட்டுக் குழுவில் போட்டேன். பாராட்டு குவிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்காம் நாள் காலையில் அக்கா போன் செய்தார். செத்த ஆட்டைத் தின்று முடித்த நாய்கள் உயிரோடு இருந்தவற்றின் மேல் பாய்ந்திருந்தன. வேலிக்குள் அடைபட்டவை எங்கே ஓடும்? நான் போனபோது பத்தொன்பது ஆடுகள் வேலியை ஒட்டியே கிடந்தன. சிலவற்றுக்கு இன்னும் மூச்சு இருந்தது. பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாய்த் தொல்லையைத் திட்டினார்கள். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகத் திட்டினேன். அக்கா எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். வெட்கமில்லாமல் குடித்தேன்.

மிச்சமிருந்த ஆடுகளை அவர் விற்றுவிட்டு மில் வேலைக்குப் போகத் தொடங்கினார். எனக்கோ எந்தப் பறவையைப் படம் எடுத்தாலும் அதன் மூலையில் அந்த முகம் இருக்கிறதா என்று தேடாமல் இருக்க முடியவில்லை. இல்லை என்று தெரிந்தபிறகும் தேடுவேன். பயமாகக்கூட இருக்கும்.

போன ஐப்பசியில் துணிந்து அவர் வீட்டுக்கே போனேன். மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கே படத்துல நாயைப் பாத்துட்டனுங்க. உங்ககிட்டச் சொல்லலைங்க."

அவர் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

"நானும் பாத்தனுங்க தம்பி. ஆட்டைப் பொதைச்சுப் போடலாம்னு அப்பவே குழி வெட்ட வந்தேன். நீங்க வேலியோரம் படுத்துக் கேமராவும் கையுமா அத்தன சந்தோசமா இருந்தீங்க. எப்படிங்க சொல்றதுன்னு திரும்பிப் போயிட்டனுங்க."