சேவல் சின்னம் ஜெயித்தபோது

திருப்பூர் மண்ணரைக்கு நான் வந்த புதிதில் யாரும் என்னிடம் எந்த ஊர் என்று கேட்கவில்லை. "எந்தக் கம்பெனிங்க?" என்றுதான் கேட்டார்கள். எங்கள் சாத்தான்குளத்துப் பக்கம் புது ஆளைப் பார்த்தால் அப்பா பெயரில் தொடங்குவார்கள். இங்கே பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன் என்றால் போதும், வேறெதுவும் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுக்கு டேனியல் குடிவந்தபோதுதான் எங்கள் தெரு முதன்முறையாக ஒருவரிடம் ஊரைக் கேட்டது.

டேனியல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, பனியன் வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தவர். நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஞாயிறு ஆராதனை முடிந்து எங்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிடும்போது, எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் அவர் கதையைக் கேட்டுக்கொள்வேன். ராணுவ ஆட்சியில் தடைசெய்யப்பட்டிருந்த கட்சி அவருடையது. தடை நீங்கி வந்த முதல் தேர்தலில் நாலைந்து இடங்கள்தான் கிடைத்தன. முடிவு வந்த மறுநாள், ஆளுங்கட்சியின் உள்ளூர்ப் பெரும்புள்ளி ஆட்களோடு வந்து டேனியலின் வீட்டைக் கொளுத்தினான்.

"எங்கள் கட்சி ஜெயிக்கட்டும், அன்றைக்கே ஊருக்குப் போய்விடுவேன்" என்பார்.

அடுத்த தேர்தலுக்கான கட்சி டி-ஷர்ட்டுகளை அவர் திருப்பூரிலேயே தைக்கக் கொடுத்தார். சின்னம் சேவல். பிரிண்டிங் பட்டறை வேலுச்சாமி அண்ணன் டிசைனைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"ஏனுங்க, நம்ம முருகன் கொடியில இருக்கற சேவலுங்க இது. கொண்டை கோணலா இருக்குதுங்க, நேராக்கித் தர்றனுங்க."

நான் அதை டேனியலுக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவர் கவலையோடு, "முருகன் எந்தக் கட்சி?" என்றார்.

"அவருக்கு ஏதுங்க கட்சி? எல்லாக் கட்சிக்காரங்களும் அவருகிட்டத்தான் வருவாங்க."

அந்தத் தேர்தலில் டேனியலின் கட்சி ஆட்சியையே பிடித்தது. டேனியல் தெருவெல்லாம் லட்டு கொடுத்தார், பெட்டி கட்டினார். என் மனைவி வழிக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கொடுத்தாள்.

பிறகு ஒருநாள் என்னை பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப்போய் ஒரு படத்தைக் காட்டினார். அவர் தொகுதியில் ஜெயித்தவன் கும்பலுக்கு நடுவே கையுயர்த்தி நின்றான். மார்பில் வேலுச்சாமி அண்ணனின் சேவல்.

"என் வீட்டைக் கொளுத்தியவன் இவன்தான்."

தேர்தலுக்குச் சற்று முன் கட்சி மாறியிருக்கிறான். அவன் பக்கத்து ஓட்டுகள் கட்சிக்குத் தேவைப்பட்டிருக்கின்றன.

"தலைவர்களிடம் கேட்டீர்களா?"

"கேட்டேன். ஜெயித்துவிட்டோமே, இன்னும் என்ன என்கிறார்கள்."

கொடி மாற்றிக் கட்டுகிறவர்களை எங்கள் ஊரிலும் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை.

டேனியல் பெட்டியைப் பிரித்தார். அடுத்த வாரம் அவருடைய அம்மா போனில் அழைத்தார். வாசலில் நின்று தம் மொழியில் நெடுநேரம் பேசிய டேனியல், கடைசியில் தம்மையறியாமல் "சரிங்க" என்றார். அந்தப் பக்கம் அம்மாவுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குத் தம் மொழியில் என்ன என்று தேடியபடி, போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.