தலைவருக்கு ஒரு அட்டைக் கிரீடம்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து நான்கு வாக்கில் ஒரு சாதிச் சங்கத்தின் மாநாட்டு மலர் ஆர்டருக்கு வந்தது. அதிலிருந்த ஒரு கட்டுரையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் ஓர் அதிகாரி ஊர் ஊராகப் போய், ஆட்களை உட்காரவைத்து, இடுக்கி மாதிரி ஓர் இரும்புக் கருவியால் மண்டையையும் மூக்கையும் அளந்து, சாதிவாரியாகப் பட்டியல் போட்டானாம். சங்கத்தார் மேல் வரிசையில் இருந்தார்கள். ஆளப் பிறந்த மண்டையாம். கடைசி வரிசையில் எங்கள் ஆட்கள். மண்டை சிறிது, கைவேலைக்கு ஏற்றவர்கள். அளந்தவன் எல்லோரையும் சேர்த்துத்தான் தனக்குக் கீழே வைத்தான். அந்தச் சூடு சொரணைகூட இல்லாமல் இவர்கள் அதை ஆர்ட் பேப்பரில் போடச் சொல்கிறார்கள். அறிவியல் உண்மை என்று தலைப்பு வேறு.

டிசைன் பிரிவுக்கு மாற்றச் சொல்லி முதலாளியிடம் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ப்ரூஃபைப் படித்துவிட்டு அவர் சிரித்தார்.

"உங்க ஆளுகளுக்குக் கை நல்லா ஓடும்மா. நீ டைப்பையே பாரு. டிசைனுக்கு மண்டை வேணும்லா."

அம்மாவிடமும் இப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். எட்டு வயதில் தீப்பெட்டிக் கம்பெனி ஏஜெண்ட் அவள் விரலைப் பிடித்துப் பார்த்து, குச்சி அடுக்கவே செய்த விரல் என்றானாம். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. அம்மா அதை இன்றுவரை பெருமையாகத்தான் சொல்வாள்.

மாநாட்டில் தலைவருக்குச் சூட்டும் அட்டைக் கிரீடமும் எங்களிடமே ஆர்டர். அளவுக்காக, அவருடைய தலைச்சுற்று எவ்வளவு என்று முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்த சணல் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். எல்லோரும் சாப்பிடப் போனதும், பின்னலை ஒதுக்கிவிட்டு அதை என் தலையில் சுற்றிப் பார்த்தேன். முடிச்சு எட்டவில்லை. இரண்டு விரற்கடை இடைவெளி. எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கட்டுரையைப் பற்றிக் கேட்கவில்லை, கிடைக்காமல் போன வேலையைப் பற்றியும் கேட்கவில்லை.

"எம்புட்டுக் கூட இருந்துச்சு?" என்றாள்.

இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. என் முகமும் மலர்ந்துதான் இருக்கும். அந்த இடுக்கியை இப்போது நாங்களே பிடித்திருந்தோம். முதலாளி மேல் வந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. எங்கள் மேல் வந்தது ஆறவில்லை.