நாள் போடாத சீட்டு

1974 ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் பதினைந்து நாளுக்கொருமுறை ஜீப்பில் வரும் மலையாளி டாக்டருக்குத் தமிழ் வராது. கொழுந்து எடுக்கும் நாச்சம்மாளுக்கு மலையாளம் அரைகுறை. இரண்டும் படித்தவள் என்பதால் டிஸ்பென்சரி நர்ஸான நான் நடுவில் நின்றேன்.

குதிகால் புண் எப்போது வந்தது என்று டாக்டர் முதலில் கேட்டார். அட்டை கடித்ததைச் சொறிந்தாளாம், இரண்டு மாதமாக ஆறவில்லை. அடுத்து, நீல மருந்தில் அவள் சிறுநீரைச் சில சொட்டு விட்டுச் சூடு காட்டினார். செங்கல் நிறமாக மாறியது; சர்க்கரை மிக அதிகம் என்று அர்த்தம். நாச்சம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ரசம் கொதிச்சிருச்சு. உப்புப் பாக்கச் சொல்லு தாயி ஐயாவை."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பாள் என்று கேட்டார். கூடையோடு ஐந்தாறு மைல், பாதி ஏற்றம் என்றேன். அவர் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தும் அடுப்பைச் சொல்லி விளக்கினார். விறகு மட்டும் போட்டால் எரியாது, காற்றும் போக வேண்டும். மூச்சு வாங்க மேடு ஏறும்போது தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்து எரிக்கிறது. உட்கார்ந்துவிட்டால் அது ரத்தத்திலேயே தேங்கும். இத்தனை நாள் இவளைத் தாங்கியது அந்த மேடுதான். புண் ஆற ஒரு மாதம் உட்காரும் வேலை, பிறகு திரும்பவும் மேட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

நான் தமிழில் சொன்னதும், "அப்ப நான் நடக்குற அடுப்பா?" என்று சிரித்தாள்.

சீட்டை நான் எழுதினேன், டாக்டர் கையெழுத்துப் போட்டார். 'லைட் வேலை' என்று எழுதினேன். ஒரு மாதம் என்பதை எழுதவில்லை. நாற்பத்தெட்டு வயது, மழையில் முதுகு வளைய ஏறுகிறவள், இனி உட்காரட்டுமே என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

எஸ்டேட்டில் நாள் போட்ட சீட்டுக்குத் தேயிலைக் காட்டில் இடம் காத்திருக்கும். நாள் போடாவிட்டால் காட்டை விட்டவளாகக் கணக்கு, அந்த இடம் பிள்ளைக்குப் போகும். புருஷன் விட்டுப் போய், இரண்டு குழந்தைகளோடு தாயிடம் வந்திருந்த மகள் குருவம்மாளுக்கு அம்மாவின் கூடை கிடைத்தது. நாச்சம்மாள் பிள்ளைக் கொட்டகையில் உட்கார்ந்து, வேலைக்குப் போனவர்களின் குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டினாள்.

ஐந்து வாரத்தில் புண் ஆறியது. அவள் திரும்பவும் கொழுந்து எடுக்கலாம் என்ற புதுச் சீட்டோடு, அவளையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். இருப்பது ஒரே இடம், தாயா மகளா, காட்டுக்கு யார் என்று அவர்களே சொல்லட்டும் என்றார் கிளார்க். நாச்சம்மாள் மகளின் கூடையைக் கேட்காமல் கொட்டகைக்குத் திரும்பிவிட்டாள்.

மலை ஏறிய வயிறு, உட்கார்ந்த பிறகும் அதே சோற்றைக் கேட்டது. ஆறு மாதத்தில் உடம்பு ஊதியது. நட, நட என்று நான் நச்சரித்ததால் சாயங்காலம் மேட்டுப் பாதையில் ஏறிப் பார்த்தாள். எங்கள் ஊரில் காரியமில்லாமல் யாரும் நடப்பதில்லை. "தொரைசானி உலாத்தப் போறாங்க, வழிய விடுங்கடி" என்று எங்கள் குடியிருப்பு லயத்துப் பெண்கள் கேலியாகக் கும்பிட்டார்கள். ஒன்பது நாள் போனாள், பத்தாம் நாள் போகவில்லை.

அடுத்த வருஷம் ஒரு கால் விரல் போயிற்று. 1977இல் காலையே முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அடுத்த மழைக்காலத்தை அவள் பார்க்கவில்லை.

கால் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று போயிருந்தேன். சீட்டைப் பற்றி நானே சொன்னேன். தெரியும் என்றாள். திட்டவில்லை. குருவம்மாள் மேட்டிலிருந்து இன்னும் இறங்கியிருக்கவில்லை. நாச்சம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க ஆத்தாளுக்கும் கால் புண் ஆறாமத்தான் உசுரு போச்சு. குருவுக்கும் இது வரும் தாயி. வந்தா, அவ அழுதாலும் சரி, அவளுக்கு உக்கார்ற வேலை எழுதிக் குடுத்துராத."