பூட்டிய வீட்டுக்குள் ஊஞ்சல் சத்தம்

அறுபதுகளின் ஆரம்பத்தில் ஒரு சித்திரை மாதம், ஸ்ரீரங்கத்தில் நடந்தது இது. அப்போது எனக்குப் பதினெட்டு வயது. வீடு பொன்மலையில், ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர்.

அதற்கு முந்திய வருடம் பி.யூ.சி.யில் நல்ல மதிப்பெண் வாங்கி, மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தேன். இன்டர்வியூவுக்கு மெட்ராஸுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் நாலு பேர். தவளையின் இதயத்தைப் பற்றிக் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கத் தயாராகப் போயிருந்தேன். அவர்களில் ஒருவர் கேட்டதோ வேறு. "நோயாளி யார் பக்கத்திலயாவது ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கியாம்மா?" எங்கள் வீட்டில் யாருக்கும் பெரிதாக எதுவும் வந்ததில்லை. 'இல்லை' என்று சொல்லக்கூட வாய் வராமல் விழித்தேன். பட்டியலில் என் பெயர் வரவில்லை.

திருச்சியிலேயே பி.எஸ்ஸி. விலங்கியலில் சேர்ந்தேன். அடுத்த ஜூனில் மறுபடி விண்ணப்பிப்பது என்று முடிவு. மதிப்பெண்ணை இனி மாற்ற முடியாது. மாற்றக்கூடியது அந்தக் கேள்விக்கான பதில் ஒன்றுதான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பதில்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. பதில் இருப்பதாகக் காட்டும் ஒரு காகிதம் கிடைத்தால் போதும் என்றுதான் இருந்தது.

அந்த வருடம் ஸ்ரீரங்கத்தில் சில தெருக்களில் பெரியம்மை பரவியிருந்தது. வீடு வீடாகப் போய் அம்மை குத்தினார்கள். ஆண் ஊழியர் வந்தால் பல வீடுகளில் பெண்கள் கையை நீட்டவே மாட்டார்கள். அதனால் பேசிச் சம்மதிக்க வைக்கவும் பதிவேட்டில் எழுதவும் படித்த பெண் ஒருத்தி கூட வந்தால் நல்லது என்று ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒருவர் தேடிக்கொண்டிருந்தார். அப்பாவின் நண்பர் மூலம் அவரைப் போய்ப் பார்த்தேன். லீவு முழுக்க வேலை பார்த்தால் ஹெல்த் ஆபீசர் கையெழுத்தோடு சர்ட்டிபிகேட் வாங்கித் தருவதாகச் சொன்னார். முதல் காரியமாக எனக்கே இரண்டு கையிலும் குத்திவிட்டார்.

தினமும் பஸ் பிடித்து, மணல் மட்டும் கிடந்த காவேரியைத் தாண்டிப் போவேன். போன முதல் நாளே எனக்கு என்னவோ போலிருந்தது. பகல் பதினோரு மணிக்கு ஒரு தெருவில் என்னென்ன வாசனை வரவேண்டும்? அம்மை கண்ட வீட்டில் தாளிக்கமாட்டார்கள். அக்கம்பக்கத்திலும் பயந்துகொண்டு தாளிக்கவில்லை. கடுகு வெடிக்கிற சத்தம் இல்லை, யாரும் யாரையும் உரக்கக் கூப்பிடுவதில்லை. நிலைப்படியில் செருகிய வேப்பிலை வெயிலில் சுருண்டு கிடக்கும். கதவைத் தட்டினால் உள்ளே பேச்சு சட்டென்று நிற்கும். தெரு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாங்கள் போவதற்காகக் காத்திருப்பதுபோல இருக்கும்.

இருந்தும் நாள் ஆக ஆக வேலை பழகிவிட்டது. குத்தியது, மறுத்தது, பூட்டு என்று பதிவேட்டில் மூன்று கட்டங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஏதாவது ஒன்றில் டிக் போடவேண்டும்.

கடைசி நாள், கடைசிச் சந்து. மறுநாள் ஹெல்த் ஆபீசர் ஒரு மாத லீவில் போகிறார். அன்று சாயங்காலத்துக்குள் பதிவேட்டை முடித்துக் கொடுத்தால்தான் கையெழுத்து கிடைக்கும். நேரமாகிவிட்டதென்று இன்ஸ்பெக்டர் சந்தின் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தார், நான் இந்தக் கோடியிலிருந்து விசாரித்துக் குறித்துக்கொண்டு வந்தேன்.

ஓரமாக ஒரு வீடு. கதவில் பெரிய திண்டுக்கல் பூட்டு. நான் 'பூட்டு' என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். அப்போதுதான் காலடியைப் பார்த்தேன். வாசலில் கோலம். காலையில் போட்ட புதுக் கோலம், ஒரு புள்ளி கலையவில்லை. அதன் மேல் யாரும் வரவும் இல்லை, போகவும் இல்லை.

உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இரும்புச் சங்கிலியில் ஊஞ்சல் ஆடுகிற சத்தம். கிரீச்... கொஞ்சம் இடைவெளி... கிரீச்.

கதவில் காதை வைத்தேன். உடனே சத்தம் நின்றுவிட்டது.

நான் மூச்சு விடாமல் நின்றேன். உள்ளேயும் அப்படியே ஏதோ ஒன்று நிற்பதுபோலத் தோன்றியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மெதுவாகப் பின்வாங்கிப் படி இறங்கினேன். கடைசிப் படியில் கால் வைத்தபோது மறுபடி, கிரீச்.

எதிர் வீட்டு மாமி ஜன்னலில் நின்றிருந்தாள். "அங்கே யாரும் இல்லைடி. கும்பகோணம் போயிருக்கா" என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

"ஊஞ்சல் சத்தம் கேக்குதே மாமி?"

"காத்துல ஆடறது."

அவள் வீட்டு நிலையில் தொங்கிய வேப்பங்கொத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் வந்து கேட்டார். "அந்தக் கடைசி வீடு என்னம்மா?"

"பூட்டியிருக்கு சார். கும்பகோணம் போயிருக்காங்களாம்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கட்டத்தில் டிக் போட்டேன். பதிவேட்டை மூடி அவரிடம் கொடுத்தேன். நாளைக் காலை ஆபீசில் சர்ட்டிபிகேட் வாங்கிக்கொள்ளலாம் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

மறுநாள் காலை எங்கள் வாசலில் அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே நின்ற எனக்குச் சட்டென்று அந்தப் பூட்டிய வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. கும்பகோணம் போனவர்கள் வாசலில் கோலம் போட்டது யார்?

சர்ட்டிபிகேட் வாங்கக் கிளம்பியவள், ஆபீசுக்குப் போகாமல் நேரே அந்தச் சந்துக்குப் போனேன். எதற்காக என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. தைரியத்தில் போகவில்லை, அது மட்டும் நிச்சயம்.

அதே பூட்டு. கோலம் மட்டும் வேறு. நேற்றுப் பார்த்தது தாமரை, இன்று சிக்குக் கோலம். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இன்று ஊஞ்சல் சத்தம் இல்லை. நேற்று அது கேட்டதைவிட இன்று கேட்காததுதான் அதிகம் பயமுறுத்தியது.

சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன். மரக்கதவில் ஒரு பலகை பிளந்திருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தேன். கிணறு, துவைக்கிற கல், அதைத் தாண்டி இருட்டான கூடம். ஊஞ்சல் பலகை தெரிந்தது. அதன் மேல் வெள்ளைத் துணியில் ஒரு மூட்டை. பலகையிலிருந்து ஒரு கயிறு இறங்கித் தரையில் கிடந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கயிறு நகர்ந்தது. விறைத்தது. ஊஞ்சல் ஒரு தரம் ஆடி நின்றது.

என் கால் ஓடத்தான் பார்த்தது. அந்தக் கயிற்றின் மறுநுனியை ஒரு விரல் பிடித்திருப்பதைப் பார்த்திராவிட்டால் ஓடியிருப்பேன்.

கொல்லைக் கதவு தாழிடாமல் வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். தரையில் வாழையிலை விரித்து, அதன் மேல் ஒரு பெண் கிடந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருக்கலாம். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அங்கே முகம் என்று ஒன்று இல்லை. கொப்புளத்தின் மேல் கொப்புளம். இமைகள் ஒட்டியிருந்தன. ஒரு கண் மட்டும் கீற்றாகத் திறந்திருந்தது. ஊஞ்சலில் இருந்தது கைக்குழந்தை. எட்டு மாதம் இருக்கும். உடம்பில் ஒரு பொட்டு இல்லை, முழுதாக விழித்திருந்தது. அன்னிய முகத்தைப் பார்த்தும் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நேத்திக்கு வந்தவதானே நீ?" காய்ந்த சருகை மிதித்தது போன்ற குரல்.

"ஆமா."

"ஊஞ்சலை நிறுத்திட்டு உன்னைக் கூப்பிட்டேன். தொண்டைலேர்ந்து சத்தமே வரலை." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கதவிடுக்குல உன் நிழல் தெரிஞ்சுது. நீ கேட்டுண்டுதானே இருந்தே?"

அதில் கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். தண்ணீர்ச் சொம்பு அவள் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. எடுத்து ஒவ்வொரு சொட்டாக வாயில் விட்டேன்.

"குழந்தைக்குக் குத்திடு. எனக்கு இனிமே எதுக்கு."

என்னிடம் மருந்து இல்லை. வெறுங்கையோடு வந்திருந்தேன்.

கொல்லையில் காலடிச் சத்தம். எதிர் வீட்டு மாமி, கையில் கஞ்சிப் பாத்திரம். என்னைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "சொல்லிடாதேடி. அவ ஆத்துக்காரன் காலம்பற பூட்டிண்டு பெரிய கடைவீதிக்கு வேலைக்குப் போறான். விஷயம் தெரிஞ்சா ஊருக்கு வெளியில அம்மைக் கொட்டகைக்கு இவளைத் தூக்கிண்டு போயிடுவாளோன்னு பயம். அவன் அப்பாவை அங்கதான் கொண்டுபோனா. திரும்பி வரலை."

"கோலம்?"

"நான்தான் போடறேன். குழந்தை இருக்கற ஆத்து வாசல் வெறிச்சுனு கிடக்கலாமா?"

தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது. தெரியாதது எங்கள் பதிவேட்டுக்கு மட்டும்தான். இல்லை, அதை எழுதிய எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

ஆபீசுக்கு ஓடினேன். இன்ஸ்பெக்டர் மேஜையில் என் சர்ட்டிபிகேட் தயாராக இருந்தது. பச்சை மையில் ஹெல்த் ஆபீசர் கையெழுத்து. எனக்கு முன்னால் தள்ளி வைத்தார்.

"சார், அந்த வீட்டுல ஆள் இருக்காங்க. நேத்தே எனக்குச் சத்தம் கேட்டுச்சு. கேட்டுட்டுதான் பூட்டுன்னு எழுதினேன்."

"ஏம்மா?"

"இது இன்னைக்குக் கிடைக்கணும்னு."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தக் காகிதத்தை எடுத்து டிராயருக்குள் போட்டார். மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டார். "குழந்தை இருக்கா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். சைக்கிளில் பறந்துவிட்டார். நான் பின்னால் ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது குழந்தைக்குக் குத்தி முடித்திருந்தார். அப்போதுதான் அது முதல் முறையாக வீறிட்டு அழுதது. தரையில் கிடந்தவளின் உதடு அசைந்தது. சிரித்தாள் என்று நினைக்கிறேன். ஆள் அனுப்பிக் கணவனைக் கூட்டி வந்தார்கள். அவன் வாசல் பூட்டைத் திறந்தான். "எடுத்துண்டு போயிடாதீங்கோ சார்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"எங்கயும் எடுத்துட்டுப் போகலை. இனிமே பூட்டாதீங்க. அவங்க பக்கத்துல தண்ணி இருக்கணும், ஆள் இருக்கணும். அது போதும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்த ஆள் நானானேன். யாரும் சொல்லவில்லை. பதினைந்து நாள் காலையில் போய் உட்கார்ந்து சாயங்காலம் திரும்புவேன். கஞ்சி கொடுப்பேன், ஈ ஓட்டுவேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அந்தக் கூடத்தில் எனக்குப் பயம் போய்விட்டது. குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல் வந்து, நாலைந்து முத்துக்களோடு இறங்கிவிட்டது. அவளும் பிழைத்தாள். ஆனால் இடது கண்ணில் பார்வை போய்விட்டது.

இன்ஸ்பெக்டரிடம் ஒரு நாள் கேட்டேன். "நான் சத்தம் கேட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா கண்ணு தப்பியிருக்குமா சார்?"

"அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் எனக்கு அதோடு முடிந்திருக்கும்.

சர்ட்டிபிகேட்டை நான் திரும்பக் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. ஜூனில் அது இல்லாமலே விண்ணப்பித்தேன். இன்டர்வியூவில் இந்த ஒரு வருடம் என்ன செய்தாய் என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன், பதிவேட்டில் நான் போட்ட டிக் உள்பட. ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதை எங்ககிட்ட சொன்னா உனக்கு நல்லதில்லைன்னு தோணலையா?" என்று கேட்டார். "தோணுச்சு சார்" என்றேன். அதோடு போகச் சொல்லிவிட்டார்கள். அந்த வருடப் பட்டியலில் என் பெயர் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. ஏன் இடம் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நாற்பது வருடத்துக்கு மேல் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். எத்தனையோ பேர் "ஒண்ணுமில்லை டாக்டர்" என்று எழுந்து போகப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூடத் திரும்ப உட்கார வைத்து இன்னொரு தரம் கேட்காமல் நான் அனுப்பியதில்லை. நல்ல டாக்டர் என்று அதற்காக என்னைப் புகழும்போதெல்லாம், அது நல்ல குணத்தில் வந்ததில்லை, ஒரே ஒரு நாள் காதில் விழுந்ததை விழாததுபோல எழுதிவிட்டு வந்த பயத்தில் வந்தது என்று எனக்கு மட்டும் தெரியும்.