அடையாற்றில் கோதுமைக்குக் களை எடுக்கப் போனது

காலை ஏழரைக்கு வடபழனி டிப்போவில் பெசன்ட் நகர் பஸ் ஏறினோம், நானும் என் தங்கை கஸ்தூரியும். பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. அடையாறு பத்து கிலோமீட்டருக்குக் குறையாது. நான் அதிகம் வெளியே போகிறவள் இல்லை, புது ஆட்களிடம் பேசக் கூச்சம். அன்று போகாமல் இருக்க முடியவில்லை.

கஸ்தூரி அங்கே ஒரு வீட்டில் தோட்டவேலை பார்க்கிறாள். வீட்டம்மா டெல்லிப் பக்கம். மழை விட்டதும் பின்பக்கத்தில் கோதுமை போடச் சொன்னார். ரேஷனில் கோதுமை வாங்கியிருக்கிறோம், செடியைக் கண்டதில்லை. கஸ்தூரி கீரை விதைக்கிற மாதிரி மணலில் கலந்து தூவிவிட்டாள். இப்போது கோதுமையும் புல்லும் ஒரே பச்சையாக நிற்கின்றன. ஊருக்குப் போயிருந்த வீட்டம்மா மதியம் வருகிறார். பாத்தி களையாகக் கிடந்தால் தோட்டத்தைக் கம்பெனி ஆட்களிடம் விட்டுவிடுவேன் என்று போனிலேயே சொல்லியிருந்தார். அப்படி விட்டால் கஸ்தூரிக்கு வேலை இல்லை, அதனால்தான் நானும் துணைக்குப் போனேன்.

அசோக் பில்லரில் ஒரு வடநாட்டுக்காரர் ஏறி எங்கள் முன்னால் உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும்.

"எந்த ஊரு நைனா?" என்றாள் கஸ்தூரி.

"பீகார், அக்கா. இங்க டைல்ஸ் வேலை."

"நான் தோட்டவேலை. எது வெச்சாலும் வரும். உங்க ஊர்ல இன்னா வெளையும்?"

"நெல்லு. அப்புறம் கோதுமை."

கஸ்தூரி என்னை இடித்தாள். அவ்வளவு பெருமை பேசிவிட்டு அவள் எப்படிக் கேட்பாள்? சைதாப்பேட்டை வந்தது. அவர் பையை எடுத்தார். நானே கேட்டுவிட்டேன்.

"ஏங்க, கோதுமை எது, புல்லு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"இலை தண்டுல சேருது இல்ல, அங்க பாருங்கம்மா. கோதுமைக்கு ரெண்டு சின்னக் காது. தண்டைப் பிடிச்சிருக்கும். இந்தப் பக்கத்துப் புல்லுக்குக் காது இல்ல." தன் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

கிண்டிக் காட்டோரமாகப் போய் எட்டரைக்கு அடையாறு இறங்கினோம். பாத்தி நாலு கட்டில் போடுகிற அளவு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இடத்தில் நகத்தால் தடவிப் பார்த்தேன். நூல் மாதிரி இரண்டு காது.

"கீதுக்கா. கம்மல்தான் போடல" என்றாள் கஸ்தூரி.

அப்புறம் அவள் சிரிக்கவில்லை. கொழுகொழுவென்று நின்றதெல்லாம் புல். அதைத்தான் கோதுமை என்று இவள் உரம் வைத்து வளர்த்திருக்கிறாள். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிடுங்கினோம். முடிக்கும்போது பாத்தி அங்கங்கே மொட்டையாக இருந்தது.

"போச்சுக்கா" என்றாள்.

ஒரு மணிக்கு வீட்டம்மா வந்தார். பாத்தியைச் சுற்றிவந்து, குனிந்து ஒரு செடியை விரலால் நிமிர்த்தினார்.

"கொஞ்சம்தான் இருக்கு, கஸ்தூரி."

கஸ்தூரி பிடுங்கிய புல்லை ஓரமாகக் குவித்தாள்.

"ஆனா எல்லாம் கோதுமை. அடுத்த வருஷம் கயிறு கட்டி வரிசையா போடு. களை எடுக்க உனக்கே சுலபம்." எங்களுக்கு டீ போடச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் தெருவில் வாசல் வரை சிமெண்ட். ஒரு புல் முளைத்தால்கூட யாரும் பிடுங்க மாட்டார்கள். இந்த ஊரிலேயே கோதுமை நிற்கிற இடமும் இருக்கிறது, நானும் அதைத் தொட்டுவிட்டு வந்தேன்.

சைதாப்பேட்டை தாண்டியதும் கஸ்தூரி கேட்டாள்.

"அக்கா, அடுத்த வருஷம்னுதான சொன்னாங்க?"

"ஆமாம்டி, சொன்னாங்க."

"நீயும் கேட்ட இல்ல?"

"கேட்டேன்" என்றேன்.