பிடி இல்லாத பொம்மைகள்

ஆளை அடித்துக் கையெலும்பை முறித்த ஒரு பெண்ணிடம், சின்னப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஓர் ஊர் ஏன் ஒப்படைத்தது? பனவிளைத்துறை குளோரியின் வாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. அவளுடைய மகள் ஜிஷா இதோடுதான் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகிப் பிள்ளைகளைக் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகும், இந்த ஒன்றுக்கு மட்டும் அவளிடம் விடை இல்லை.

குளோரி மீன்காரி. கடப்புறத்தில் ஏலம் எடுத்து, அலுமினியச் சருவத்தில் அள்ளி, குழித்துறைச் சந்தையில் கொண்டுபோய் விற்பாள். இளவயதில் அங்கே ஒரு தரகன் மீனின் விலையைப் பேசிக்கொண்டே அவள் கையைப் பிடித்தான். அவள் சருவத்திலிருந்த சாளை மீனைத் தரையில் கொட்டிவிட்டு, காலிச் சருவத்தால் அவன் வாயில் ஓங்கி அடித்தாள். முன்பற்கள் சாளையோடு சாளையாகக் கிடந்தன. பிறகு குனிந்து மீனை மட்டும் பொறுக்கிக் கழுவி, மிச்ச வியாபாரத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டிலும் அப்படித்தான். கையில் எது அகப்படுகிறதோ அதுதான். ஜிஷாவின் இடது புருவத்தை இரண்டாகப் பிரிக்கும் தழும்பு, சோற்றுக் கரண்டி பறந்து வந்த தடம். கணவன் ஆன்ட்ரூஸும் வாங்கியிருக்கிறான், கொடுத்துமிருக்கிறான். அந்த வீட்டில் அன்பு இல்லை என்று சொல்ல முடியாது. அது சத்தமும் காயமும் இல்லாமல் வெளியே வரப் பழகவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கிறிஸ்துமஸ் வரை ஊர்ப் பிள்ளைகளுக்குப் பரிசு வாங்கிவந்தது ஆன்ட்ரூஸ்தான். கோயிலின் பங்குப் பேரவையில் அவன் உறுப்பினன். கப்பல் வேலைக்குப் போனவர்கள் அனுப்பும் பணத்தில் அந்த வருஷம் பையன்களுக்குக் கிரிக்கெட் மட்டை என்று முடிவானது. மர மட்டைகள் போதாமல் மிச்சத்துக்குப் பிளாஸ்டிக் மட்டைகள் வாங்கினான். தெற்குத் தெருக்காரன் ஆகையால் மர மட்டையெல்லாம் தெற்குத் தெருவுக்கே என்று மனதில் கணக்கு வைத்திருந்தான். வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் வலைத் தகராறில் தொடங்கிய பகை அப்போதே பழையதாகிவிட்டிருந்தது.

கோயில் முற்றத்தில், மாலை வெயிலில், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தார்கள். கை தவறி ஒரு மர மட்டை வடக்குத் தெரு ஜெப்சனின் கைக்குப் போய்விட்டது. ஐந்தாம் வகுப்புப் பையன்.

"இது உனக்குள்ளது இல்லலே. விடு," என்றான் ஆன்ட்ரூஸ்.

"எனக்க பேரச் சொல்லித்தான விளிச்சாவ!"

"விடுலே சவமே!"

பையன் விடவில்லை. ஆன்ட்ரூஸ் அவன் விரல்களில் அடித்தான். கன்னத்திலும் ஒன்று விட்டான். பிறகும் பையன் பிடியை விடாததைக் கண்டு, "வடக்கூர்க் களவாணி வித்து" என்று சொல்லித் திரும்பி நடந்தான். அப்போதுதான் பையனின் தகப்பன் மரியஜான் எழுந்தான். மகன் விடாத மட்டையை அவன் ஒரே இழுப்பில் பிடுங்கி, பின்னாலிருந்து ஆன்ட்ரூஸின் பிடரியில் இறக்கினான். சத்தம் தேங்காய் வெட்டுவது போலக் கேட்டது. ஆன்ட்ரூஸ் குடிலின் மேல் விழுந்தான். வைக்கோலும் களிமண் ஆடுகளும் அவனுக்கு அடியில் நொறுங்கின. மரியஜான் இரண்டாவது முறையும் ஓங்கினான். அது தேவையே இல்லாத அடி. ஜிஷா இரண்டாம் வகுப்புப் பிள்ளை. கையில் பரிசாக வாங்கிய பொம்மையோடு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மரியஜானுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் தீர்ப்புக்கு ஊர் காத்திருக்கவில்லை. அந்த வாரமே வடக்கே இரண்டு வள்ளங்கள் எரிந்தன, தெற்கே ஒருவனின் காது போயிற்று. குளோரியின் கொழுந்தன் அவள் வீட்டுப் பின்முற்றத்தில் உட்கார்ந்து நாட்டுவெடிகுண்டுக்குச் சணல் சுற்றினான்.

"மயினி, நீங்க ஒண்ணும் செய்யண்டாம். சரின்னு ஒரு வாக்கு மட்டும் சொல்லுங்க. வடக்கூர்ல ஒரு ஆம்பள மிஞ்சமாட்டான்."

குளோரி உள்ளே போய் உலக்கையை எடுத்து வந்தாள். சணல் சுற்றிய கையின் மேல் அதைப் போட்டாள். எலும்பு முறிந்த சத்தத்தைவிட அவன் அலறல் பெரிதாக இருந்தது. பிறகு சருவம் சருவமாகத் தண்ணீர் மொண்டு, வெடிமருந்தின் மேலும் அவன் மேலும் ஊற்றினாள்.

"எனக்க வீட்டுல வச்சி எவனாவது எவனுக்காவது சாவு சுத்தினா, அடுத்தது மண்டைதான், கேட்டியா?"

அதுதான் அவள் பிடியுள்ள ஒரு பொருளால் கடைசியாக அடித்த அடி.

பரிசு கொடுப்பது சில வருஷம் நின்றிருந்தது. புதிதாக வந்த பங்குச்சாமியார் மறுபடி தொடங்கலாம் என்றார். யார் வாங்குவது என்பதில் கூட்டம் கைகலப்பானது. வடக்குக்காரன் வாங்கினால் தெற்குக்கு மட்டமானது வரும், தெற்குக்காரன் வாங்கினால் மறுபடி கொலை விழும். மீன் வாடையோடு வாசலில் நின்ற குளோரி சொன்னாள்: "நான் வாங்குதேன். குறை உள்ளவன் எனக்க முன்னால வந்து சொல்லட்டு."

ஒருவனும் வரவில்லை. வடக்குத் தெரு அவள் தாலியை அறுத்திருந்தது. தெற்குத் தெருவின் கையை அவள் முறித்திருந்தாள். இரு பக்கமும் அஞ்சுகிற ஒரே ஆள் அவள். ஊர் அவளை நம்பியது என்று சொல்வது அதிகப்படி. பயத்தில் இரு தரப்பும் ஒத்துப்போயின.

குழித்துறையில் வைகுண்டராஜனின் பொம்மைக் கடைக்கு அவள் போவது தனிக் கூத்து. ஜிஷாவும் கூடப் போவாள். குளோரி ஒவ்வொரு பொம்மையாக எடுத்துத் தன் முழங்கையில் அடித்துப் பார்ப்பாள். ரயிலின் முனையைக் கன்னத்தில் குத்திப் பார்ப்பாள். கயிற்றைக் கழுத்தில் போட்டு இழுப்பாள். கரடியின் கண்ணைப் பல்லால் கடித்து, கழன்று வருகிறதா என்று பார்ப்பாள்.

"அக்கா, நீங்க பொம்ம வாங்க வந்தியளா, வெட்டுக்குத்துக்குச் சாமானம் பாக்க வந்தியளா?" என்பான் வைகுண்டராஜன்.

"எங்க ஊருல ரெண்டும் ஒண்ணுதாம்லே. அந்தச் செண்டைய எடு."

"செண்ட மேளம் கொள்ளாம், நல்லதுதான். பிள்ளையளுக்கு இஷ்டப்படும்."

"கோலு ரெண்டு இருக்கே. களை. பிடி உள்ளது ஒண்ணும் வேண்டாம்."

அதுதான் அவள் சட்டம். துப்பாக்கி இல்லை, வாள் இல்லை, மட்டை இல்லை. மண்வெட்டி, கரண்டி, சுத்தியல், கொடி என்று கையால் இறுக்கிப் பிடித்து ஓங்கக்கூடிய எதுவும் இல்லை. பனவிளைத்துறைப் பிள்ளைகள் பந்து, ரப்பர் மீன், பஞ்சு யானை, துணிப் புத்தகம் என்று உருண்டையும் மெத்தையுமான பொருள்களோடு வளர்ந்தார்கள். வெளியே போனால் தென்னைமட்டையை எடுத்து ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள்.

ஜிஷா ஒருமுறை அதைச் சொல்லிக் காட்டினாள். "உங்களுக்க பஞ்சு யானையால என்ன கொணம்மா? மட்டைய வெட்டி அடிக்கான் பாருங்க."

"கையால அடிச்சா அடிக்கவனுக்கும் நோவும் மக்கா. பிடியுள்ள சாமானத்த எடுத்தா, நோவு பூராவும் வாங்குதவனுக்குத்தான்."

ஜிஷா இதைப் பெரிய ஞானமாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் வெறுங்கையால் வாங்கிய அறைகளும் அவளுக்கு நன்றாகவே வலித்திருந்தன.

ஜிஷா ஆசிரியையான பிறகு ஒரு வருஷம், மழை தொடங்கும் முன் மரியஜான் விடுதலையாகி ஊருக்கு வந்தான். தலை நரைத்து, ஒரு கால் இழுத்துக்கொண்டிருந்தது. மகன் ஜெப்சனின் வீட்டில் தங்கினான். ஜெப்சன் அப்போது வள்ளத்துக்குப் போகிறவன். அவனுக்கு ரெஜின் என்று நாலு வயசில் ஒரு மகன். தெற்குத் தெருவில் சிலர் மரியஜானைப் பார்த்துத் துப்பினார்கள். சிலர் நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை கோணலாகக் கூடிய கொழுந்தன் அவர்களில் ஒருவன்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், ரெஜின் தென்னைமட்டையை இழுத்துக்கொண்டு தெரு எல்லை தாண்டி வந்துவிட்டான். பிள்ளைக்கு எல்லை தெரியாது. அவன் அடித்த பந்து குளோரியின் கதவில் மோதியது. ஜிஷா எட்டிப் பார்ப்பதற்குள் ஜெப்சன் ஓடிவந்தான். குளோரியின் முற்றத்தில் தன் மகன் கையில் மட்டை; அவன் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளையின் கையிலிருந்து அதைப் பிடுங்கினான். பிடுங்கிய மட்டையாலேயே அடித்தான்.

"தொடுவியாலே? இனி இதத் தொடுவியா? தொடுவியா?"

கேள்விக்கு ஒரு அடி. காலில், முதுகில், தடுக்க நீட்டிய கையில். மட்டையின் விளிம்பு பிள்ளையின் தொடையைக் கிழித்தது. ரெஜினுக்குக் கத்த மூச்சு வரவில்லை. ஜிஷா அலறினாள். குளோரி வாசலைக் கடந்து வந்ததை ஜெப்சன் பார்க்கவில்லை. அவள் விட்ட அறையில் அவன் சுவரில் போய் மோதினான். உதட்டில் ரத்தம்.

"பிள்ளைய எதுக்குலே கொல்லுத?"

ஜெப்சன் மட்டையைக் கீழே போட்டான். பத்து வயசுப் பையனைப் போல அழுதான். "மாமி, உங்க முற்றத்துல வச்சி... எனக்க பிள்ளையும் இத எடுத்துக்கிட்டு... எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு மாமி." பிறகு, போகும்போது சொன்னான்: "கிறிஸ்மசுக்கு அவனுக்கு ஒண்ணும் குடுக்கண்டாம். அவன் பேர விளிக்கவே செய்யண்டாம்."

குளோரி தென்னைமட்டையை எடுத்து, பிள்ளையின் கை பிடித்திருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அடுப்பில் வைத்தாள்.

அடுத்த வாரம் வைகுண்டராஜனின் கடையில் பந்துகளையும் ரப்பர் மீன்களையும் பஞ்சு யானைகளையும் பழையபடி அடித்தும் கடித்தும் தேர்ந்தெடுத்தாள். எல்லாம் கட்டி முடிந்த பிறகு சொன்னாள்: "மட்ட ஒண்ணு எடு. சின்னப் பிள்ளைக்குள்ளது. மரத்துல உள்ளது."

வைகுண்டராஜன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"ஏம்மா, கிறுக்கு பிடிச்சிட்டா?" ஜிஷா அவள் கையைப் பிடித்தாள். "யாருக்கு இது? வேண்டாம்மா. தெற்கூர்க்காரனுவ, பழி வாங்கச் சொல்லுதியள்னு நெனைப்பானுவ. வடக்கூர்க்காரனுவ, குத்திக் காட்டுதியள்னு நெனைப்பானுவ. எவனாவது ஒருத்தன் உங்களக் கொல்லுவான். அப்பாவ அந்த முற்றத்துல கண்டது எனக்குப் போதும்."

குளோரி மட்டையின் பிடியை இறுக்கிப் பார்த்தாள். முழங்கையில் ஒரு அடி அடித்தாள். தோல் சிவந்தது. இன்னொரு அடி. பிறகு பையில் போட்டாள். ஏன் என்று ஜிஷா பஸ்ஸில் கேட்டாள், வீட்டில் கேட்டாள், குடிலுக்கு வைக்கோல் பரப்பும்போதும் கேட்டாள். அது மன்னிப்பு என்று ஜிஷாவுக்குத் தோன்றிய நாள் உண்டு. ஆன்ட்ரூஸ் ஒரு பிள்ளையிடமிருந்து பிடுங்கப் பார்த்ததை அந்த வீட்டுக்கே திருப்பிக் கொடுத்தாள் என்று தோன்றிய நாள் உண்டு. கொன்றவன் கண்ணெதிரே கொன்ற பொருளை வைத்துத் தீராத தண்டனை கொடுத்தாள் என்று தோன்றிய நாளும் உண்டு. எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மாலை அதே முற்றம். வடக்குக்காரர்கள் ஒரு பக்கம், தெற்குக்காரர்கள் ஒரு பக்கம். கடைசி வரிசையில், பின்சுவரை ஒட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் மரியஜான். மட்டையைக் காகிதத்தில் சுற்றியிருந்தாலும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், குளோரி சுற்றவுமில்லை. "ரெஜின்" என்று அவள் விளித்து அதை எடுத்ததும் முற்றம் அடங்கிவிட்டது. கொழுந்தன் எழுந்தான். அவனுக்குப் பின்னால் நாலு பேர் எழுந்தார்கள். எதிர்ப்பக்கம் ஒருவன் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு நின்றான். ஜெப்சன் பாதி எழுந்து, எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றான்.

தொடையில் புண் ஆறாத பிள்ளை மட்டையைப் பார்த்தான், தகப்பனைப் பார்த்தான். கை நீட்டவில்லை.

"பிடி மக்கா," என்றாள் குளோரி. "உனக்குள்ளதுதான்."

ரெஜின் பிடித்தான். பிடித்ததும் திரும்பி ஓடினான். தகப்பனிடம் போகப் பயந்து, கூட்டத்தின் நடுவே புகுந்து கடைசி வரிசைக்குப் போய், மட்டையைத் தாத்தாவின் மடியில் போட்டான். மட்டை நழுவியது. அது விழாமல் மரியஜான் பிடித்தான். பிடித்த இடம் மட்டையின் பிடி.

"அம்மா!" என்றாள் ஜிஷா.

குளோரி மிச்சமிருந்த பஞ்சு யானைகளைப் பங்குச்சாமியாரின் கையில் கொடுத்தாள். எப்போதும் உட்காரும் முன்வரிசை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்தாள். வழிவிட்டார்கள். அதை மரியஜானுக்கு முன்னால், மட்டை எட்டும் தூரத்தில் போட்டு, அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். தலையை மூடியிருந்த முந்தானையை இறக்கினாள். அவிழ்ந்து கிடந்த நரைமுடியை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி, பிடரி தெரிய உச்சியில் முடிந்துகொண்டாள்.