சிவப்புச் சீட்டு கட்டிய கிரேன்

ரங்கநாதன் தெரு முனையில் அந்த நடைபாதைக் கடைக்காரர் என்னிடம் பொறுமை இழந்தது நியாயம்தான். பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். இன்னும் மூன்று பெட்டிகளை இறக்கச் சொல்லி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடைசியில் முதல் பெட்டியையே எடுத்தேன்.

"இன்னாக்கா, நூத்தம்பது ரூபா பொம்மைக்கு இந்தப் பார்வ பாக்குற? தங்கமா வாங்கிக்கினு போற?"

"தங்கம்னா இவ்ளோ பாக்க மாட்டேண்ணே" என்றேன்.

அது ஒரு குட்டி கிரேன். பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று அழுத்திக் கட்டிக்கொள்ளும் செட். அறுபத்துச் சொச்சம் கட்டைகள், கூடவே மஞ்சள் ஹெல்மெட் போட்ட விரலளவு மனிதன் ஒருவன். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்காக வாங்கினேன். பரிசு என்று சொல்லித்தான் கொடுத்தேன். உண்மையில் அது லஞ்சம்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை அவள் வகுப்பில், வீட்டில் யாராவது ஒருவர் செய்யும் வேலையைப் பற்றி, ஒரு பொருளைக் காட்டிப் பேச வேண்டும். பெற்றோரும் வரலாம். நான் மயிலாப்பூர் லஸ் பக்கம் பூமிக்கடியில் ரயில் நிலையம் கட்டும் இடத்தில் பாதுகாப்பு அதிகாரி. என் கையெழுத்துள்ள பச்சைச் சீட்டு தொங்காமல் அங்கே எந்த கிரேனும் ஒரு செங்கல்லைக்கூடத் தூக்க முடியாது. குறை இருந்தால் சிவப்புச் சீட்டு. கட்டினால் கட்டியதுதான், எவ்வளவு பெரிய மனிதர் போன் செய்தாலும் குறை தீராமல் அவிழ்க்க மாட்டேன். எனக்குப் பின்னால் என்னை ராங்கிக்காரி என்று சொல்வது தெரியும். சொல்லட்டும். நான் சீட்டுக் கட்டிய எந்த கிரேனும் இன்றுவரை ஒருத்தர் மேலும் எதையும் போட்டதில்லை.

ஆனால் மயிலாப்பூரில் குடியிருந்துகொண்டே மயிலாப்பூரைத் தோண்டும் வேலையில் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மாட வீதியில் கத்தரிக்காய் வாங்கப் போனால்கூட "எப்போம்மா முடிப்பீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் எடை போடுவார்கள். எனக்கு அது பழகிவிட்டது. என் மகளுக்குப் பழகவில்லை. அவளுடைய பள்ளி வேன் தினமும் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதே வேனில் வரும் அவள் வகுப்புப் பையன் ஒருவன், "உங்கம்மாவாலதான்டி நாம தினமும் லேட்டு" என்று எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறான்.

அதற்குப் பிறகுதான் ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டாள். "அம்மா, நான் அப்பா வேலையப் பத்தியே பேசட்டுமா?"

அவள் அப்பாவுக்கு ஆழ்வார்பேட்டையில் பாங்க் வேலை. ஒரு கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு போனால் முடிந்தது. "உன் இஷ்டம்டி" என்று சொல்லிவிட்டேன். எவன் எவனோ திட்டுவதையெல்லாம் தூசி மாதிரி தட்டிவிடுகிறவள் நான். பெற்ற பெண் என் வேலையைச் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்பது சுருக்கென்று தைத்தது. மறுநாளே தி.நகர் போய் அந்த கிரேனை வாங்கி வந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கட்டினோம். குறை சொல்ல வேண்டும் என்று உட்காரவில்லை, சத்தியமாக. நல்லதை நல்லது என்றுதான் சொன்னேன். கட்டைகள் கச்சிதமாகப் பொருந்தின. ஓரங்களில் பிளாஸ்டிக் பிதுங்கல் கிடையாது, நாற்றம் கிடையாது, சாயம் விரலில் ஒட்டவில்லை. செய்முறைத் தாளில் படங்கள் எறும்பு சைஸில் இருந்தாலும் வரிசை தப்பவில்லை. அந்தக் குட்டி மனிதன்தான் பிரமாதம். கை மடங்கியது, இடுப்பு வளைந்தது, ஹெல்மெட் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழவில்லை. எங்கள் இடத்தில் சில பேருக்கு இந்த ஒழுக்கம் வந்தால் நான் கோயிலில் தேங்காய் உடைப்பேன்.

கட்டி முடித்ததும் நான் சும்மா இருந்திருக்கலாம். என் கை சும்மா இருக்குமா? வீட்டுச் சாவிக்கொத்தைக் கொக்கியில் மாட்டினேன். கிரேன் ஒரு நொடி யோசித்தது. பிறகு முன்பக்கம் அப்படியே கவிழ்ந்து, எதிரே நின்ற குட்டி மனிதனின் மேல் விழுந்தது.

"பின்னாடி எடையே இல்ல பாரு! உள்ள வெறும் பொக்க! தூக்கற இடத்துக்கு நேர் கீழ ஆள் வேற! இத வச்சு ஒரு குண்டூசியக்கூடத் தூக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே கைப்பையைத் திறந்தேன். அதில் எப்போதும் நாலைந்து சீட்டுகள் கிடக்கும். பழக்கதோஷம். சிவப்புச் சீட்டை எடுத்து, கிரேனின் கையில் கட்டி, கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

என் கணவர் சோபாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "அடிப்பாவி! பொம்மைக்கு ரெட் டேக் போட்ட ஒரே அம்மா நீதான்டி."

அப்போதுதான் மகளின் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. கிரேனையும் மனிதனையும் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. லஞ்சத்தையும் கொடுத்து, அதையும் நானே கெடுத்துக்கொண்ட புத்திசாலி நான்.

காலையில் ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேனுக்குக் கிளம்பினாள். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. கால்குலேட்டராக இருந்தால் இருக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். என் கணவர் டி.வி. ரிமோட் வேலை செய்யவில்லை என்று அதைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வேலைக்கு நடுவே ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு, சேறு ஒட்டிய ஷூவோடு பள்ளிக்குப் போனேன். வகுப்பின் கடைசியில் மற்ற பெற்றோரோடு சுவரோரம் நின்றேன். என் மகள் முறை வந்தது. பையிலிருந்து கிரேனை எடுத்து மிஸ்ஸின் மேஜைமேல் வைத்தாள். சிவப்புச் சீட்டு அப்படியே தொங்கியது. எனக்கு எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

"இது எங்கம்மா வேல" என்றாள். "எங்கம்மா இத ஃபெயில் பண்ணிட்டாங்க."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. குட்டி மனிதனை எடுத்து மேஜையின் மறு கோடியில், சாக்பீஸ் டப்பாவின் மேல் நிறுத்தினாள். "தூக்கும்போது ஆளு தூரமா நிக்கணும். மொதல்ல அது." பிறகு எங்கள் வீட்டு மாற்றுச் சாவிக்கொத்தைக் கொக்கியில் மாட்டினாள். கிரேன் கவிழ்ந்தது. இன்னும் பெரிய சிரிப்பு. அது அடங்கும்வரை காத்திருந்தாள். பையிலிருந்து இரண்டு பேட்டரிகளை எடுத்து, கிரேனின் முதுகில் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினாள். ரிமோட் ஏன் செத்தது என்று எனக்குப் புரிந்தது. மறுபடி சாவியை மாட்டினாள். இந்த முறை கிரேன் அசையாமல் நின்றது.

கை தட்டினார்கள். மிஸ், "வெரி குட், அப்ப அந்தச் சீட்ட எடுத்துடலாமே" என்றார்.

"நான் எடுக்கக் கூடாது மிஸ். சரி பண்ணவங்களே அவுக்கக் கூடாது. எங்கம்மா வந்து பாக்கணும்."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. போனில் நான் யாரிடமோ கத்துவதைக் கேட்டுக் கேட்டே பிடித்திருக்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐயாயிரம் பேர் கூடி எனக்கு மாலை போட்டாலும் இந்தப் பெருமை வராது.

முன்னால் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே தலையாட்டியிருக்கலாம். ஆனால் மகளென்று சலுகை காட்டினால், அவள் எனக்குக் கொடுத்த மரியாதையை நானே கெடுத்தது போல ஆகும். கொக்கியை இழுத்துப் பார்த்தேன். கிரேனின் கையை இரண்டு பக்கமும் திருப்பினேன். ரப்பர் பேண்டைச் சுண்டிப் பார்த்தேன். சாவிக்கொத்தைத் தொங்கவிட்டு மனதுக்குள் அறுபதுவரை எண்ணினேன். பிறகு சிவப்புச் சீட்டை அவிழ்த்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு பச்சைச் சீட்டை எடுத்தேன்.

இரண்டாவது பெஞ்சிலிருந்து அந்த வேன் பையன் எழுந்தான். "நம்ம ரோட்டுக்குக் கீழ இருக்கற கிரேனையும் உங்கம்மாதான் இப்பிடிப் பாப்பாங்களா?"

"ஒவ்வொண்ணையும்."

"இவ்ளோ நேரமா?"

"ஆமா" என்றாள் என் மகள், நான் பச்சைச் சீட்டில் போடும் கையெழுத்தைப் பார்த்தபடி. "அதான் லேட்டு."